கான்சாகிபு கட்டிய அணி

தென்காசிக்கு வடமேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வடகரை அமைந்துள்ளது. வயலும் தோப்பும் பள்ளிவாசல்களும் சூழ்ந்த இவ்வூரை இன்று காண்போர்க்கு, 1759 ஆம் ஆண்டில் இப்பெயர் தாங்கிய பாளையத்தின் காடுகளில் ஒரு நாள் முழுதும் கடும்போர் நிகழ்ந்தது என்னும் நினைவு எழுவது அரிது. பகலெல்லாம் காட்டரணைக் காத்து நின்ற வடகரைப் பாளையக்காரர், இரவில் ஊரைவிட்டு நீங்கி, நெற்கட்டும்செவல் புலித்தேவரிடம் அடைக்கலம் புகுந்தார் என இராபர்ட் ஓர்ம் தம் போர் வரலாற்றில் எழுதியுள்ளார்.

அவரை எதிர்த்து வந்த படையின் தலைவர் முகம்மது யூசுப் கான். மக்கள் நாவில் அவர் கான்சாகிபு; மருதநாயகம் என்ற பெயராலும் அறியப்படுகிறார். இன்று அலுவலகங்களிலும் தொழிலகங்களிலும் திறன்மிக்க பணிக்குழுக்களை உருவாக்குவது பற்றி மிகுதியாகப் பேசப்படுகிறது. அப்பேச்சு புதிது, அதன் அடிப்படைச் சிக்கல் பழையது. பலரை ஒரு பணியில் இணைப்பது ஓர் ஆற்றல். இணைந்தவர்களை இடர்க்காலத்திலும் உடன் வைத்திருப்பது மற்றோர் ஆற்றல். முன்னதில் கான்சாகிபுவுக்கு நிகரானவர் அக்காலத் தமிழகத்தில் மிகச் சிலரே. பின்னதில் அவர் அடைந்த தோல்வி அவருடைய உயிரையே விலையாகக் கொண்டது.

இராமநாதபுரம் பகுதியிலுள்ள பனையூரில் வேளாளர் குடியில் பிறந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய அவர், சாதாரணச் சிப்பாயாகவே வாழ்வைத் தொடங்கினார். 1752 முதல் 1754 வரை நடந்த திருச்சிராப்பள்ளிப் போரில் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது வாள்வீச்சு மட்டுமன்று. முற்றுகைக்கு உள்ளான படைக்கு உணவும் தளவாடமும் கொண்டுவரும் மாட்டு வண்டிகளை எதிரியின் கண்ணுக்குத் தப்பிக் கொணர்ந்து சேர்த்ததே அவருடைய பெரும்பணி. வழியறிந்தோர், ஒற்றர், வண்டியோட்டிகள், காவலர் எனப் பலதிறத்தாரின் வேலையும் ஒரே இரவில் ஒருங்கே பொருந்தினாலன்றி அப்பணி நிறைவேறாது. மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்சு அவருடைய திறனை உணர்ந்து பாராட்டினார். 1754 இல் கும்பினியின் சிப்பாய்ப் படைகள் அனைத்திற்கும் அவர் தளபதியானார். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, கேப்டன் பிரஸ்டனுடன் சேர்ந்து வெளியிலிருந்து எதிரியை அலைக்கழித்தவரும் இவரே.

அதன்பின் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் குத்தகையில் அவரிடம் வந்தது. எதிரில் நின்றது புலித்தேவர் முயன்று உருவாக்கிய மேற்குப் பாளையங்களின் கூட்டணி. அக்கூட்டணியில் வீரத்திற்குக் குறைவில்லை. ஒருவர் மீது ஒருவருக்கிருந்த நம்பிக்கையே குறைவாக இருந்தது. வடகரைப் பாளையக்காரருக்கும் புலித்தேவருக்கும் இடையிலேயே பழம்போட்டி இருந்தது. திருவிதாங்கூர் மன்னரோ இரு தரப்பிலும் பேரம் பேசும் நிலையில் இருந்தார். களக்காட்டுப் பகுதியை விட்டுத்தர இசைந்து அவரைத் தம் பக்கம் ஈர்த்த கான்சாகிபு, இருவர் படைகளையும் ஒன்றாக்கிக் கொண்டுதான் வடகரைக் காட்டிற்குள் நுழைந்தார்.

ஆயினும் அதே ஆண்டு டிசம்பரில் வாசுதேவநல்லூர் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் தாக்குதலைத் தாங்கி நிற்க, புலித்தேவர் வெளியிலிருந்து பாசறையின் மீது பாய்ந்தார். வெடிமருந்தும் குறைந்துபோகவே, கான்சாகிபு பின்வாங்க நேர்ந்தது. உள்ளிருப்போரும் வெளியிருப்போரும் ஒரே நோக்கில் இயங்கிய அந்நாளில் பாளையத்தார் அணி வென்றது. அவ்வொற்றுமை நீடிக்கவில்லை. கான்சாகிபுவோ தம் குறையை அறிந்து, பீரங்கிகளும் மருந்தும் சேர்த்துக்கொண்டு திரும்பினார். 1761 இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் அவர் வசமாயின. கும்பினியின் பொருட்டு அவர் அடக்கியது இம்மண்ணின் விடுதலை வேட்கையையே என்பதை நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆட்சியாளராகவும் அவர் இதே ஒழுங்கைக் கையாண்டார். குளங்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார், நெசவாளர்க்கு ஆதரவளித்தார், வழிப்பறியை ஒடுக்கினார், மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தை மீண்டும் வழங்கினார். அவருடைய திவான் சீனிவாசராவ் இந்து. மருத்துவர் பாபா சாகிப் முஸ்லிம். ஐரோப்பிய வீரர்களின் தலைவர் மார்சாண்ட் பிரெஞ்சுக்காரர். சமயமும் மொழியும் கடந்து, திறனை அளவுகோலாகக் கொண்டு அமைந்த அணி அது.

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்கு அடங்கியே ஆள வேண்டும் என்று கும்பினி கட்டளையிட்டபோது, 1763 இல் கான்சாகிபு அதை எதிர்த்து நின்றார். முதல் முற்றுகையை மதுரைக் கோட்டை முறியடித்தது. 1764 ஜூனில் மேஜர் கேம்ப்பெல் நடத்திய பெருந்தாக்குதலும் தோற்றது. சென்னையில் தோளோடு தோள் நின்ற பிரஸ்டன், இம்முறை எதிரணியில் நின்று உயிர்போக்கும் காயம் பட்டார். அதன்பின் கும்பினி போரைக் குறைத்து, பட்டினியை ஆயுதமாக்கியது. ஒரு காலத்தில் உணவு வண்டிகளைக் கொணர்ந்து திருச்சிராப்பள்ளியைக் காத்தவரின் கோட்டைக்குள் ஒரு வண்டியும் நுழைய இயலவில்லை.

பசி நீடிக்க நீடிக்கச் சரணடையலாம் என்ற குரல்கள் உள்ளே எழுந்தன. அத்தகைய வாக்குவாதம் ஒன்றில் மார்சாண்டைக் கான்சாகிபு சாட்டையால் அடித்தார் என்று சொல்லப்படுகிறது. அக்டோபர் நடுவில் மார்சாண்ட், சீனிவாசராவ், பாபா சாகிப் மூவரும் கூடித் திட்டமிட்டு, அவர் தொழுகையில் ஈடுபட்டிருந்த நேரம் பார்த்துப் பிடித்துக் கட்டி, எதிரியிடம் ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15 ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். கட்டியவர்களின் பட்டியலை மீண்டும் நோக்குக: திவான், மருத்துவர், படைத்தலைவர். மூவரும் அவரே தேர்ந்து அருகில் வைத்துக்கொண்டவர்கள்.

இரண்டகத்தை நியாயப்படுத்துவது நம் நோக்கமன்று. பட்டினி கிடக்கும் கோட்டையில் எந்த அணிதான் குலையாது என்று கேட்போரும் உளர். அக்கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. எனினும் வெற்றிக்காலத்தில் கட்டளையிட்டுப் பழகிய தலைவர்க்கு, தோல்விக்காலத்தில் மாற்றுக் கருத்தைக் கேட்கும் செவி அமையவில்லை என்பதே அச்சாட்டையடிச் செய்தி உணர்த்துவது.

இவ்விடத்தில் உஹதுப் போர் நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 3 இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்குள் இருந்தே போரிட விரும்பினார்கள். தோழர் பலர் வெளியே செல்லலாம் என்றதால் அதற்கு இசைந்தார்கள். காவலுக்கு நிறுத்தப்பட்ட வில்லாளர் பலர் இடம் பெயர்ந்ததால் வெற்றி கைநழுவியது. ஆலோசனையே தவறு என்று முடிவு செய்ய அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஆனால் அப்போருக்குப் பின் இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159 ஆம் வசனம், தோழர்களை மன்னிக்கவும் மென்மையுடன் நடத்தவும், காரியங்களில் அவர்களைக் கலந்தாலோசிக்கவும் பணிக்கிறது. கடுமை காட்டியிருந்தால் அவர்கள் கலைந்து போயிருப்பர் என்பதையும் உணர்த்துகிறது. ஷூரா என்பது வெற்றி பெற்றவர் காட்டும் பெருந்தன்மையன்று. தோல்விக்குப் பின்னும் கைவிடலாகாத கடமை.

மதுரையில் கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் உள்ளது. தொழிலகமோ கல்லூரியோ ஜமாஅத்தோ, எதை நடத்தும் பொறுப்பேற்போரும் அவருடைய ஒழுங்கையும் உழைப்பையும் திறனறிந்து ஆளெடுத்த நேர்மையையும் கற்கலாம். அவற்றோடு, இடர் சூழ்ந்த நாளில் எதிர்த்துப் பேசும் தோழனின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பொறுமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.