தலைப்பாகையும் முறுக்கு நாழியும்: திருச்சி–திண்டுக்கல் பாதையில் இரண்டு பெயர்களின் வரலாறு

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் பாதையில், தின்பண்டமும் சாப்பாடும் தேடித்தந்த புகழ் இரண்டு ஊர்களுக்கு உண்டு. திண்டுக்கல்லில் அந்தப் பெயர் ஒரு குடும்பத்தின் சொத்தானது. மணப்பாறையில் அது யாருடைய சொத்தும் ஆகாமல் ஊரோடேயே தங்கிவிட்டது. மணப்பாறை முறுக்குத் தொழிலின் வளர்ச்சியை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடே சரியான வாசல் என்பது என் கருத்து.

திண்டுக்கல் கதை பலரும் அறிந்தது. நாகசாமி நாயுடு 1957இல் ‘ஆனந்த விலாஸ்’ பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். எப்போதும் தலைப்பா கட்டியிருந்ததால் சாப்பிட வந்தவர்கள் அவரைத் ‘தலைப்பாக்கட்டி’ என்றார்கள். கடைக்கும் அதுவே பேரானது. சீரக சம்பா அரிசி, கன்னிவாடி, பரமத்தி சந்தைகளில் பார்த்து வாங்கிய ஆடு என்று பொருளில் அவர் காட்டிய பிடிவாதமே கடையின் முதல் மூலதனம். அடுத்த தலைமுறைகளில் கிளைகள் பெருகின, வெளிநாட்டுக்கும் போயின, வெளி முதலீடு வந்தது. பெயரை மற்றவர்கள் எடுத்தாண்டபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது.

மணப்பாறைக்கு அப்படி ஒரு நிறுவனரைச் சுட்டுவது கடினம். ரயில் நிலையத்தில் முறுக்கு விற்ற மணி ஐயரை ஊர் வழக்கு நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் தொழிலை ஊன்றவைத்தது ஒருவர் அல்லர், இரண்டு கூட்டங்கள் என்றே சொல்ல வேண்டும். 1870களின் நடுவில் திருச்சி–மதுரை ரயில்பாதை வந்தபின் பிளாட்பாரத்தில் இறங்கி ஏறியவர்கள் ஒரு கூட்டம். மாட்டுச்சந்தைக்கு வந்தவர்கள் மறு கூட்டம். அந்தச் சந்தையின் புகழ் 1957இல் ‘மக்களைப் பெற்ற மகராசி’ படத்துக்கு மருதகாசி எழுதிய பாட்டில் ஏறியது. இரண்டு கூட்டங்களுக்குமே தேவைப்பட்டது, மடியில் கட்டிக்கொண்டு போனால் நாலு நாள் கெடாத பண்டம்.

செய்முறையில் அந்தத் தேவை தெரிகிறது. அரிசி மாவு, உளுந்து மாவு, ஓமம், எள், பெருங்காயம், உப்பு. நாழியில் பிழிந்து எண்ணெயில் போட்டு அரை வேக்காட்டில் எடுத்துவிடுகிறார்கள். ஆறியபின் மறுபடி பொரிக்கிறார்கள். இந்த இரண்டாம் பொரிப்பு உள்ளே மிஞ்சிய ஈரத்தை விரட்டுகிறது. மொறுமொறுப்பு நிற்பதும் பண்டம் தாங்குவதும் அதனால்தான். சுவைக்குக் காரணம் லேசாக உப்புக் கரிக்கும் ஊர்த் தண்ணீர் என்பார்கள் மணப்பாறைக்காரர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் தண்ணீருக்குக் கொடுக்கும் பெருமையில் பாதியையாவது அடுப்படியில் காலையிலிருந்து பிழியும் பெண்களின் கைக்குக் கொடுக்க வேண்டும். பிழியும் அழுத்தம் மாறினால் சுற்றின் பருமன் மாறும். பருமன் மாறினால் வேக்காடும் மாறிவிடும்.

பெயர் யாருடையதும் அல்ல என்பதில் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் இருந்தன. அடுப்பும் சட்டியும் கைப்பழக்கமும் உள்ள எந்தக் குடும்பமும் தொழிலில் இறங்க முடிந்தது. அதே வசதியில் எந்த ஊர்க்காரரும் பாக்கெட்டில் ‘மணப்பாறை முறுக்கு’ என்று அச்சடித்துக்கொள்ளவும் முடிந்தது. பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019இல், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இல் என வரிசையாக, ஊர்ப் பெயரை வெளியார் எடுத்தாளாமல் காக்கும் புவிசார் குறியீட்டைப் பெற்றன. மணப்பாறை முறுக்கு 2023இல் பெற்றது.

இந்த உரிமை வணிகச்சின்னம் போன்றது அல்ல. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி இதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. திண்டுக்கல் பெயருக்கு முதலீட்டாளர் வரலாம். மணப்பாறைப் பெயருக்கு வர முடியாது. ஊரின் உழைப்பில் விளைந்த பெயர் ஊரைவிட்டுப் போகாமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே சட்டம் ‘உற்பத்தியாளர்’ என்ற சொல்லுக்குள் பொருளைச் செய்பவரோடு அதை வாங்கி விற்பவரையும் சேர்த்தே வைக்கிறது. ஆகவே நாழி பிடிக்கும் பெண்ணும் அவர் பிழிந்ததைப் பாக்கெட் போட்டு விற்கும் வியாபாரியும் பதிவேட்டின் முன் ஒரே தகுதியில் நிற்கலாம். குறியீட்டைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் நீளும்போது முதலில் ஏற வேண்டியது அந்தப் பெண்ணின் பெயர்.