ஒட்டேடும் தொகுத்தார் பெயரும்

நூல் செய்தலின் வகைகளைக் கூறப்புகுந்த தொல்காப்பிய மரபியல், வழிநூல் நால்வகையுள் தொகுத்தலை முதற்கண் வைத்தது. பிறர் சொல்லியவற்றை ஒரு முறைபட அடுக்குதலும் நூல் யாத்தலே என்பது நம் முன்னோர் துணிபு. எட்டுத்தொகை நூல்கள் சிலவற்றில் பாடினார் பெயரோடு தொகுத்தார் பெயரும் தொகுப்பித்தார் பெயரும் பேணப்பெற்றமை இத்துணிபின் பயனேயாம். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தோன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. நற்றிணைக்கோ தொகுப்பித்த மன்னன் பெயர் உளது. தொகுத்தார் பெயர் கிடைத்திலது. இலக்கிய வரலாறு எழுதுவோர் அதனை ஓர் இழப்பாகவே குறித்துச் செல்வர்.

இக்கண் கொண்டு நோக்குவார்க்கு, தொகைநூல் என எவரும் எண்ணாத ஒருவகை ஏடு புதுப்பொருள் தருவதாகும். செய்தித்தாள் நறுக்கு, அச்சுப்படம், வாழ்த்து மடல், உலர்ந்த இலை, பயணச் சீட்டு ஆகியவற்றை வெற்றுத்தாளில் ஒட்டிச் சேர்த்த ஏட்டையே குறிக்கின்றோம். நம் பள்ளி மாணவர் இதனை 'ஸ்கிராப் நோட்டு' என்பர். யாம் ஒட்டேடு என வழங்குவோம். கற்றார் பலர் இதனைச் சிறுமியர் விளையாட்டென்று புறந்தள்ளுவர். ஒட்டேடும் ஒரு தொகைநூல் என்பதும், அதன் அடுக்குமுறையே தொகுத்தவரின் கூற்று என்பதும், அம்முறையைக் கலைத்தல் நூலை அழித்தலோடு ஒக்கும் என்பதும் யாம் நிறுவக் கருதுவன. இவ்வகை ஏடு செழித்ததும் நுணுகி ஆராயப்பெற்றதும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஆங்கு இதற்கு முன்னோடி, படித்தவற்றுள் சிறந்தவற்றைக் கையால் எழுதிவைக்கும் குறிப்பேடு. அதற்குப் பொருளடைவு அமைக்கும் முறையொன்றை மெய்ப்பொருளறிஞர் ஜான் லாக் வகுத்தார். அது 1686-இல் பிரெஞ்சிலும் 1706-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. எழுதுகோலின் இடத்தைக் கத்தரிக்கோல் கவர்ந்தது அந்நூற்றாண்டிலேயே எனலாம். ஜேம்ஸ் கிரேஞ்சர் என்னும் பாதிரியார் 1769-இல் இங்கிலாந்துப் பெருமக்களின் வாழ்க்கை வரலாற்று நூலொன்றை வெளியிட்டார். அதிற் கூறப்பட்டோரின் உருவப்படங்களைப் பிற நூல்களினின்று வெட்டியெடுத்து, ஏடுகளுக்கிடையே சேர்த்துக் கட்டுவிக்கும் வேட்கை செல்வரிடையே பரவிற்று. கிரேஞ்சரின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவே ஆயிற்று. ஒரு நூலை அணிசெய்யப் பல நூல்களைச் சிதைத்த இச்செயலை யாம் போற்றுமாறில்லை. எனினும் படிப்பவன் நூலுக்குள் தன் கையை நுழைத்தான் என்பது மறுத்தற்கரிது.

தாள் வெட்டி ஒட்டும் தொழிலை அறிவுத்துறையின் எல்லை வரை கொண்டு சென்றவர் மேரி டெலானி அம்மையார் (1700-1788). கணவரை இழந்த பின்னர், எழுபது அகவையைக் கடந்த நிலையில் அவர் இப்பணியைத் தொடங்கினார். செந்நிறத் தாளொன்று ஜெரேனியப் பூவிதழோடு நிறம் ஒத்திருந்ததைக் கண்டதே தொடக்கம் என்பர். மலர்ந்த செடியை எதிரில் வைத்துக்கொண்டு, மெல்லிய வண்ணத் தாளை இதழாகவும் நரம்பாகவும் மகரந்தத் தண்டாகவும் நறுக்கிக் கருமை தீட்டிய தாள்மீது ஒட்டுவார். ஒரே மலருக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் வேண்டியதும் உண்டு. சிற்சில இடங்களில் மெய்யான இலையே ஒட்டப்பட்டுள்ளது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் அரசியும் கியூ தோட்டத்தினின்று செடிகள் அனுப்பினர். கண்ணொளி மங்கிய 1782 வரை ஏறத்தாழ ஆயிரம் படங்கள் உருவாயின. அவை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அழகினும் யாம் பெரிதாகக் கருதுவது வேறொன்று. படத்தின் பின்புறத்தில் செடியின் பெயர், செய்த இடம், நாள், சிலவற்றில் செடி தந்தவர் பெயர் ஆகியன எழுதப்பெற்றுள்ளன. முன்புறம் கலை, பின்புறம் வரலாறு. ஒட்டேட்டை ஆராய்வார்க்குப் பின்புறமே பல வேளைகளில் சிறந்த சான்றாதலைப் பின்னரும் காண்போம்.

கையால் செய்த வாழ்த்து மடல் இக்கலையின் உடன்பிறப்பு. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் வந்தமையால் மடல் விடுத்தல் எளியோர்க்கும் இயல்வதாயிற்று. ஹென்றி கோல் 1843-இல் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்துக் கிறித்துமசு மடலை அச்சிட்டார். ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். ஏழைக்கு எட்டாத விலையே. கைவினைத் திறன் மிக்கு விளங்கியதோ அமெரிக்காவில், பெப்ரவரி 14-ஆம் நாளுக்குரிய காதல் மடல்களில். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் எழுதுபொருள் வணிகர் ஒருவரின் மகள் எஸ்தர் ஹவுலண்டு, 1847-இல் கல்லூரிப் படிப்பை முடித்தவர், இங்கிலாந்து மடலொன்றைக் கண்டு, அதனினும் சிறப்பாகத் தாமே செய்ய முனைந்தார். மாதிரிகளை அவர் தமையனார் வணிகப் பயணத்திற் கொண்டு சென்று 5,000 டாலருக்குரிய கேட்புகளோடு மீண்டார் என்பர். அம்மையார் தோழியரை வீட்டிற்கூட்டி, ஒருவர் படம் வெட்டவும் ஒருவர் பின்புலம் அமைக்கவும் ஒருவர் ஒட்டவும் வேலையைப் பகுத்தளித்தார். லேஸ் போலத் துளையிட்ட வெண்டாளின் அடியில் பளபளக்கும் வண்ணத்தாளை வைத்துத் துளைவழி நிறம் தோன்றச் செய்தலும், மடித்த தாள்நறுக்கை இடையே விற்சுருள் போல் ஒட்டி மேலடுக்கை எழும்பி நிற்கச் செய்தலும் அம்மடல்களின் நுட்பங்கள். 1881-இல் அவர் தம் தொழிலை ஜார்ஜ் விட்னி என்பாருக்கு விற்றார்.

பல்வண்ணக் கல்லச்சு வளர்ந்தபின், புடைப்பாக அச்சிட்டு உருவரை வழியே வெட்டிய சிறு படங்கள் செருமானிய நாட்டினின்று பெருந்தொகையாக ஏற்றுமதியாயின. ஒட்டேடுகள் அவற்றால் நிரம்பின. மார்க் டுவெய்ன், பசை தடவிய ஏடுகளைக் கொண்ட ஒட்டுநூலுக்கு 1873-இல் காப்புரிமை பெற்றார். நனைத்து ஒட்டினாற் போதும். பசைக் கிண்ணம் வேண்டா.

இனி எம் கருத்துக்கு உயிராய் அமைவது பிலடெல்பியாவில் வாழ்ந்த வில்லியம் டார்சி (1837-1923) என்பாரின் பணி. கறுப்பின மக்களில் ஒருவராகிய அவர், தம் இனத்தாரைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களினின்று நறுக்கி ஏறத்தாழ நானூறு ஒட்டேடுகளை அமைத்தார். அக்காலப் பெருநாளிதழ்கள் வெள்ளையர் கையில் இருந்தன. ஒரு மூலையில் ஏளனமாக வந்த செய்தியையும் இன்னொரு மூலையில் ஒரு வரியாக வந்த பாராட்டையும் வெட்டியெடுத்து ஒரு தலைப்பின்கீழ் வைத்தமையால், எந்த நாளிதழும் எழுதியிராத ஒரு வரலாறு பிறந்தது. ஒரு சொல்லும் அவர் சொல் அன்று. கூற்று முழுவதும் அவருடையது. அவ்வேடுகள் கறுப்பின மாணவர்க்கென அமைந்த செய்னி கல்லூரியிற் பேணப்பட்டமையால், 1991-இல் ரோஜர் லேன் என்னும் வரலாற்றாசிரியர் அவற்றை அடியாகக் கொண்டு நூல் எழுத இயன்றது. நியூயார்க் மாநிலத்து எலிசபெத் மில்லரும் அவர் மகள் ஆன் மில்லரும் பெண்டிர் வாக்குரிமைப் போராட்டம் பற்றி 1897 முதல் 1911 வரை தொகுத்த ஒட்டேடுகளும் இத்தகையனவே. அவை அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் உள்ளன. எல்லன் கார்வி 2012-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இத்தொகுப்புகளைக் கத்தரிக்கோலால் எழுதியவை என்றே கொள்கின்றது.

இவ்வேடுகளுக்குப் பகை இரண்டு. ஒன்று பொருளின் குற்றம். மரக்கூழால் ஆன செய்தித்தாள் தன்னகத்துள்ள அமிலத்தால் பழுத்து நொறுங்கும். நெகிழித் தாள் மூடிய ஒட்டும் பசைக் கோடுகளைக் கொண்ட, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆல்பங்கள் படங்களைப் பற்றிக்கொண்டு விடா. மாவுப்பசையோ நீர்பட்டால் நெகிழும். ஆவணம் பேணுவோர் இன்றும் கோதுமை மாச்சத்துப் பசையையே விரும்புதல் அதனாலாம். மற்றொரு பகை, நன்னோக்கத்தோடு செய்யும் சிதைவு. அரிய படத்தையும் மடலையும் தனித்தெடுத்துத் தனித்தனி உறையிலிட்டால் பொருள்கள் பிழைக்கும், தொகை இறக்கும். எது எதன் பக்கத்தில் இருந்தது என்னும் செய்தி மீளாது.

தமிழ்நாட்டில் இதற்கு நேரான செயல் ஒன்றுண்டு. வார இதழ்த் தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துக் கட்டடம் செய்து வைக்கும் வழக்கமே அது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வனை மணியத்தின் ஓவியங்களோடு இவ்வாறு கட்டி வைத்த இல்லங்கள் பல. நாவல் பின்னர் நூலாகப் பலமுறை அச்சேறிவிட்டமையின் இக்கட்டடங்கள் வேண்டாதன என்று எண்ணுதல் பிழை. கதைப்பக்கத்தின் பின்புறத்தில் நின்ற விளம்பரமும் துணுக்கும் நூற்பதிப்பில் இல்லை. அக்காலத் தமிழ் உரைநடை வழக்கு அங்கே கிடக்கின்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீசையும் திருமண அழைப்பிதழையும் நூல்களோடு ஒப்பச் சேர்த்துவைத்தார். அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கிற்று. அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றது. ஏனைய இல்லங்களின் கட்டடங்கள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகின்றன.

அத்தகைய கட்டடமோ ஒட்டேடோ நூலகத்துக்கு வருமாயின், பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் முன்னும் பின்னும் வரிசைப்படி படமெடுத்தல் வேண்டும். பொன்னியின் செல்வன் கட்டடத்துக்கு அட்டவணையில் ஆசிரியர் கல்கி, ஓவியர் மணியம் என்பவற்றின்கீழ்த் தொகுத்தார் என ஒரு வரி அமைத்து, முதலேட்டில் மையால் எழுதியுள்ள பெயரையும் ஊரையும் அதிற் பதிதல் வேண்டும். அப்பெயர் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயராக இருக்கும்.