கரிசல் வட்டார உணவு மரபு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை எனப் பரவிய கரிசல் பூமியின் சாப்பாட்டைத் தீர்மானித்தது மானாவாரி வெள்ளாமை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு, சாமை விளைந்தன. கண்மாய்த் தண்ணீர் எட்டிய துண்டு நிலங்களில்தான் நெல். அதனால் நெல்லுச்சோறு நல்ல நாளுக்கு உரியது. இட்லி, தோசையெல்லாம் பெரும்பாலான வீடுகளில் தீபாவளி, பொங்கலோடு சரி.

அன்றாடம் கம்மஞ்சோறும் சோளச்சோறும். கம்பில் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, உமி போகப் புடைத்து, மறுபடி இடித்துச் சலித்துக் குருணையையும் மாவையும் பிரிப்பார்கள். உலையில் முதலில் குருணை; அது வெந்ததும் மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். மிஞ்சியதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ளக் காணத் (கொள்ளு) துவையல், கருவாடு, மிதுக்கங்காய் வத்தல். மழைக்குப் பின் புஞ்சையில் தானே கொடியோடும் அதலைக்காய் பாகலின் சிறிய உறவு. பறித்த ஓரிரு நாளில் வெடித்துவிடுவதால் தூரத்துச் சந்தைகளுக்கு அவ்வளவாகப் போனதில்லை.

இத்தகைய உணவுப் பெயர்கள் நிறைந்த கரிசல் புழங்குமொழி அச்சேறியதில் இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் (1923–2021) பங்கு பெரிது. அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி 1982இல் வெளிவந்தது.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலையும் கரிசலில் நன்றாகவே வேர்விட்டது. கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. சாத்தூர் காராச்சேவுக்கும் ஊர் தாண்டிய பெயர் உண்டு.

கம்மஞ்சோறு ஒதுங்கியதற்கு நாக்கின் ருசி மாறியதை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. உலக்கை பிடித்த பெண்களின் கைகளுக்கு அரிசி ஓய்வு தந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்பது வாக்குறுதியானது. பின்னாளில் ரேஷன் அரிசி கிராமந்தோறும் வந்தது. 2011 ஜூன் முதல் இலவசமாகவே கிடைக்கிறது. விலையில்லாச் சோறு அடுப்பில் வேகும்போது கம்பு குத்த யார் உட்காருவார்கள்?

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி நகரத்துக் கடைகளில் குதிரைவாலி பொட்டலமாக, அரிசியைவிடக் கூடுதல் விலையில் விற்றது. கரிசல் காட்டிலோ சோளமும் கம்பும் நின்ற பல புஞ்சைகளில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது.