நாலரை அடித் தடுப்பு

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போகும் சந்துகளில் ஒன்றில் எங்கள் கடை இருக்கிறது. 1990களில் அது எஸ்டிடி பூத். பிறகு பிரவுசிங் சென்டர். இப்போது ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம். பலகை மாறியதே தவிர வேலை மாறவில்லை. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியதை மூன்றாம் ஆள் காதில் விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒண்டுக் குடித்தனங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் அந்த வேலை நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவருகிறது.

1809இல் ஆங்கிலேயர் அல்சூரை ஒட்டித் தண்டு எனும் ராணுவக் குடியிருப்பை அமைத்தபோது பட்டாளத்தின் பின்னாலேயே தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்கள், கான்டிராக்டர்கள், சமையல்காரர்கள், சலவைக்காரர்கள், வண்டிக்காரர்கள். அன்றைக்குப் பிளாக்பள்ளி என்று பெயர் பெற்றிருந்த இப்பகுதியில் வீரப்பிள்ளை தெரு, நாராயண பிள்ளை தெரு, தர்மராஜா கோயில் தெரு என்று இன்றும் அவர்கள் தடம் இருக்கிறது. ஊரில் விட்டுவந்த உறவுகளோ வேலூரிலும் ஆரணியிலும் திருப்பத்தூரிலும் இருந்தன. 1864இல் சென்னையிலிருந்து தண்டுக்கு ரயில் வந்தது. 1879இல் கால் அணாவுக்கு அஞ்சலட்டை வந்தது. மலிவுதான், ஆனால் திறந்து கிடக்கும் காகிதம். தபால்காரரிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் கார்டில் எதை எழுதுவது, எதை எழுதக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு தானாக உண்டானது. பிறப்பு, சாவு, வரும் தேதி, போகும் தேதி இவ்வளவுதான் கார்டுக்கு. சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்த உடனே கிழித்துப் போடுவார்கள். கடன், சண்டை, பெண் பார்த்த விவகாரம் எல்லாம் உறைக்குள் போகும். 1950இல் இன்லண்ட் லெட்டர் வந்த பிறகு, உறைக்குச் செலவு செய்ய முடியாதவர்களுக்கும் ஒட்டி மூடி அனுப்பும் வசதி கிடைத்தது.

எழுதத் தெரியாதவர்களுக்கு அதுவும் போதவில்லை. என் பாட்டிக்குக் கையெழுத்து மட்டுமே தெரியும். தபால் நிலைய வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம்தான் ஊருக்குக் கடிதம் சொல்லி எழுதுவாள். குடும்பத்தில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து தான் கேட்டதில்லை என்று பாட்டி சொல்வாள். இன்னொரு வாடிக்கைக்காரர் நெருங்கி வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாராம். அந்தத் தொழிலின் முதல் என்று ஒன்று உண்டென்றால் அந்த வாய்க்கட்டுதான்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தில், கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் அஞ்சலக ஊழியருக்குச் சிறைத் தண்டனை இருந்தது. அதே சட்டத்தில், பொது நெருக்கடி என்று அரசு கருதினால் கடிதத்தை இடைமறிக்க உத்தரவிடும் பிரிவும் இருந்தது. சில்லறை ஆளின் கையைக் கட்டிவிட்டு, பெரிய கைக்கு வழி விட்டார்கள். அதே 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளிகளையும் அவர்களோடு இருந்தவர்களையும் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். சென்னை மாகாணத்தில் நோய் கண்ட ஊரிலிருந்து வரும் பயணிகளுக்குப் பிளேக் பாஸ்போர்ட் கொடுத்து, போய்ச் சேர்ந்த ஊரில் அதிகாரி முன் ஆஜராகச் சொன்னார்கள். நூற்று இருபத்திரண்டு வருஷம் கழித்து, 2020 மார்ச்சில், கர்நாடக அரசு வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் முகவரிகளை இணையத்தில் வெளியிட்டது. காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை மணிக்கு ஒரு செல்ஃபி எடுத்து ‘குவாரன்டைன் வாட்ச்’ செயலியில் அனுப்பச் சொன்னது. நோயைத் தடுக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முகவரியை ஊருக்கெல்லாம் காட்டாமலே அதைச் செய்திருக்கலாம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

போன் காலத்துக்கு வருகிறேன். 1948இல் தூரவாணிநகரில் ஐடிஐ தொழிற்சாலை தொடங்கியது. நாட்டின் கறுப்பு டெலிபோன்கள் பலவும் அங்கே செய்தவை, அங்கே வேலை பார்த்த தமிழர்களும் அநேகம். ஆனால் தண்டுச் சந்துகளில் வீட்டில் போன் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும், ஆபரேட்டர் இணைத்துக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு காது எப்போதும் உண்டு. 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் இந்தியச் சூழலுக்கேற்ற எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கியது. அவற்றில் கிராமத்துக்கான முதல் சிறு எக்ஸ்சேஞ்ச் 1986இல் நம் மாநிலத்துக் கிட்டூரில்தான் வந்தது. ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரடியாகப் பேசும் எஸ்டிடி பெருகியது. தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை முளைத்தது.

பூத் அனுமதியில் முன்னாள் ராணுவத்தினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் முன்னுரிமை இருந்தது. அப்பா மெட்ராஸ் சேப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது. பலகை அடைத்த சின்ன அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு குட்டி ஃபேன், சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். இரவு ஏற ஏறக் கட்டணம் பாதி, கால் என்று இறங்கும் என்பதால் கூட்டமும் இரவில்தான். துபாயில் கணவன் இருக்கும் பெண்கள், ஜோலார்பேட்டையில் அம்மா இருக்கும் மார்க்கெட் பையன்கள், மாதா கோயில் செப்டம்பர் திருவிழாவுக்கு வந்து ஊருக்குச் சேதி சொல்கிறவர்கள். அப்பாவின் முதல் கட்டளை இதுதான்: “கதவு சாத்தினா நீ ரேடியோவ கொஞ்சம் சத்தமா வை.” உள்ளே அழுபவர்களுக்கு அந்த ரேடியோ ஒரு மறைப்பு. இரண்டாவது கட்டளை பில் பற்றியது. மெஷின் அச்சடிக்கும் பில்லில் கூப்பிட்ட எண் முழுசாக இருக்கும். அதைப் பேசினவர் கையில்தான் கொடுக்க வேண்டும், மேசையில் விடக் கூடாது, வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே கிழித்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் யாரைக் கூப்பிட்டாள் என்று கேட்டு வந்த அண்ணன்மார்களை அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ரகசியம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த மாநிலம் அதற்கு முன்பே கண்டிருந்தது. 1988 ஆகஸ்டில் முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார், அரசியல்வாதிகளின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்ட விவகாரத்தில். 1996இல் உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், உரிய நடைமுறை இல்லாமல் ஒட்டுக்கேட்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அப்பா அந்தச் செய்தியைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அடுத்த வருஷம் பிரிகேட் ரோட்டில் காபி டே, இணையத்தோடு காபி தரும் கடையாகத் தொடங்கியது. அந்த அலை மெல்ல எங்கள் சந்துக்கும் வந்தது. பூத்தை இடிக்காமல் அதன் பலகைகளையே கழற்றிக் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே தடுப்பாக வைத்தோம். சவூதிக்கு மெயில் அனுப்ப வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தட்டச்சு தெரியாது. அவர்கள் சொல்வார்கள், நான் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பேன். தபால் நிலைய வாசல் மேசை என் கடைக்குள் திரும்ப வந்துவிட்டது என்று அப்போதே தோன்றியது. 1999இல் தமிழ்99 விசைப்பலகை வந்தது, பிறகு எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. ஆனாலும் மனைவி கணவனுக்குச் சொல்வதை நடுவில் நின்று கேட்கும் நிலை அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அதை முடித்து வைத்தது 2013இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த குரல் செய்திதான். எழுத்தறியாத ஒருத்தி முதல் தடவையாக, யாரையும் நடுவில் வைக்காமல், தன் குரலிலேயே, நினைத்த நேரத்தில் பேச முடிந்தது. தொழில்நுட்பம் தந்தவற்றுள் இதற்கு மேல் ஒன்றை நான் வைக்க மாட்டேன்.

பிரவுசிங் சென்டர் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2004இல் கர்நாடகம் சைபர் கஃபேக்களுக்கு விதிகள் போட்டது. வருகிறவர் யார் என்று பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். 2011இல் மத்திய அரசு தன் விதிகளைக் கொண்டுவந்தது. அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவுகளை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும், தடுப்புப் பலகை தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது, தடுப்பில்லாத கம்ப்யூட்டர்களின் திரை வெளியே பார்த்திருக்க வேண்டும். குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த விதிகள், அவற்றின் காரணம் எனக்குப் புரியும். ஆனால் ஆசாரியை வரவழைத்து அப்பாவின் பூத் பலகைகளை நாலரை அடிக்கு அறுத்தபோது ஏதோ கைமாறிவிட்டது என்று தெரிந்தது. பேசுகிறவரைக் காப்பதற்காக அடித்த பலகை அது. பதிவேடு அதைவிட மோசம். ஒரு பெண் தன் பெயர், முகவரி, போன் எண் எழுதிவிட்டு நகர்ந்ததும் அடுத்து வரும் இளைஞன் அதே பக்கத்தில் எழுதுவான். நான் மேலே இருக்கும் வரிகளை ஒரு அட்டையால் மூடி நீட்ட ஆரம்பித்தேன். சட்டம் பதிவு கேட்டது, மற்றவருக்குக் காட்டச் சொல்லவில்லையே.

ரீசார்ஜிலும் இதே தொந்தரவு. பெண்களின் எண்களை ரீசார்ஜ் கடைகளில் விற்கிறார்கள் என்று 2017இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து செய்தி வந்தது. அடுத்த வருஷம் வோடஃபோன் ‘சகி’ என்ற சேவையைக் கொண்டுவந்தது. உண்மையான எண்ணைச் சொல்லாமல் ஒரு மாற்று எண்ணைக் கொடுத்தே ரீசார்ஜ் செய்துகொள்ள முடிந்தது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, ஆனால் கடை வாசலில் நின்று பத்து இலக்கத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டிய பெண்ணின் கஷ்டம் தெரிந்த யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இப்போது எங்கள் கடையின் பெரும்பகுதி வேலை ஆதார் நகல். வருகிறவர் பிடிஎஃப்பைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புவார். “அனுப்பிட்டேன்க்கா, பாஸ்வேர்டு...” என்று தொடங்குவார். பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருஷம், அதுதான் எல்லோருக்கும் பாஸ்வேர்டு. பின்னால் நிற்கும் வரிசை முழுதும் கேட்கும். அச்சடித்து முடிந்த பின் அந்தக் கோப்பு என் போனிலும் கம்ப்யூட்டரிலும் கிடக்கும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரும், ஆதாருக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்க மெய்நிகர் எண்ணும் 2018லேயே இருந்தன. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகமே, நகலை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டு நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. நான் அந்த முதல் அறிவிப்பைத்தான் பின்பற்றுகிறேன்.

இந்த நகரத்தில் வாழ்ந்த ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசுவாமி, 2012இல், தம் 86ஆம் வயதில், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 1994இலேயே கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சரிதை தொடர்பான நக்கீரன் பத்திரிகை வழக்கில் தனித்து விடப்படும் உரிமையை நீதிமன்றம் பேசியிருந்தது. அதற்கு முழு பலம் வந்தது புட்டசுவாமியால். அவர் 2024 அக்டோபரில் காலமானார்.

செயலிகள் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் நிறைய. வாட்ஸ்அப் 2016இல் செய்தியை இரு முனையிலும் பூட்டிவிட்டது, சிக்னல் என்ற இன்னொரு செயலி உருவாக்கிய முறையை எடுத்துத்தான். யார் யாரிடம் எப்போது பேசினார் என்ற கணக்கு மட்டும் அதற்குத் தெரியும். சிக்னல் அந்தக் கணக்கையும் வைப்பதில்லை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் கொள்கை மாற்றம் வந்தபோது எங்கள் சந்திலேயே பலர் சிக்னல் போட்டுத் தரச் சொன்னார்கள், உறவுகள் வராததால் பலர் திரும்பியும் போனார்கள். ஆனால் 2024இல் சிக்னல் பயனர் பெயரைக் கொண்டுவந்த பிறகு வேறொரு பயன் தெரிந்தது. தையல்கார அக்கா ஒருவர் வாடிக்கைக்காரர்களுக்குப் போன் எண்ணைக் கொடுக்காமல் பெயரை மட்டும் கொடுக்கிறார். கண்ட நேரத்தில் அழைப்பு இல்லை.

என் கடைக்கு நான் போட்ட ஒழுங்கு எளிது. கோப்பு அனுப்ப லோக்கல்செண்ட் என்ற இலவசச் செயலி. கடை வைஃபையில் இணைந்தால் போதும், எண் வேண்டாம், கணக்கு வேண்டாம், கோப்பு இணையத்துக்கே போகாது. அது இல்லாதவர்களுக்கு ஒரு கேபிள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவேன் என்கிறவர்களுக்கு மறையும் செய்தி வசதி போட்டு வைத்திருக்கிறேன். அதோடு, இறங்கின கோப்பை அவர்கள் பார்க்க அழித்துக் காட்டுகிறேன். பாஸ்வேர்டைச் சொல்ல விடுவதில்லை, விசைப்பலகையை அவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறேன். வரிசை கொஞ்சம் நகர மறுக்கும், பரவாயில்லை.

எங்கள் சந்தில் உள்ள மற்ற ஜெராக்ஸ் கடைக்காரர்கள் சிலர் கேபிளை வாங்கி வைத்துவிட்டார்கள். பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள்தான் இன்னும் முழு ஆதார் நகல் கேட்டு அனுப்புகின்றன. வாடிக்கைக்காரர் அதற்காகவே என்னிடம் வருகிறார். மறைத்த நகலை அடித்து, அது போதும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதிச் சேர்த்துக் கொடுக்கிறேன். சில லாட்ஜ்களில் வாங்கிக்கொள்கிறார்கள்.