சுவிட்ச் ஃபர்ம்வேர் புதுப்பித்தல்

மேனேஜ்டு வகை நெட்வொர்க் சுவிட்சின் ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ள இயக்க மென்பொருளுக்குப் பதிலாகப் புதிய பதிப்பை ஏற்றும் பராமரிப்பு வேலையே சுவிட்ச் ஃபர்ம்வேர் புதுப்பித்தல். ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லை 1967இல் ஆஷர் ஆப்லர் அறிமுகப்படுத்தினார். தமிழில் நிலைபொருள் என்பர். விலை மலிந்த சாதாரணச் சுவிட்சுகளில் பெரும்பாலும் இந்த வேலைக்கு இடமே இல்லை. வலையை வி-லேன்களாகப் பிரிப்பது, போர்ட்டை மூடுவது, தொலைவிலிருந்து உள்நுழைவது போன்ற வசதிகள் உள்ள சுவிட்சுக்கே இது தேவை.

சிறிய ஊர்களில் இந்த வேலை இன்னும் கடினம். எடுத்துக்காட்டாக, திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள நெசவாளர் ஊரான ஆர்.கே.பேட்டை, ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு தரும் பொறுப்பு டான்ஃபினெட் நிறுவனத்துடையது. இழை வந்து சேரும் அலுவலகத்திலோ பள்ளியிலோ கணினிகளைப் பிணைப்பது ஒரு சுவிட்ச்தான். இத்தகைய ஊர்களில் அதற்கென்று தனி ஆள் இருப்பது அரிது. தொலைவிலிருந்து செய்த புதுப்பிப்பு பாதியில் நின்றால், ஒருவர் வண்டியேறி வந்துதான் சரிசெய்ய வேண்டும்.

அதற்காகத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. சிஸ்கோ சுவிட்சுகளின் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ வசதியில் இருந்த ஓட்டைக்கான திருத்தம் 2018 மார்ச் 28இல் வெளியானது. ஏப்ரல் 6 அன்று அதே வசதியைக் குறிவைத்த தாக்குதலில் ஈரானில் மட்டும் சுமார் 3,500 சுவிட்சுகள் சிக்கின. அமைப்புகள் அழிந்து, திரையில் அமெரிக்கக் கொடி தோன்றியது. திருத்தத்துக்கும் தாக்குதலுக்கும் இடையே இருந்தது ஒன்பதே நாள்.

வேலையில் முழுக் கவனமும் தேவைப்படுவது தொடங்குமுன்தான். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை (கன்ஃபிக்) சேமித்து, அதன் நகலைச் சுவிட்சுக்கு வெளியே வைக்க வேண்டும். மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு வேறாகலாம். வெளியீட்டுக் குறிப்பைப் படித்தால்தான் இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் ஏற்ற வேண்டுமா என்பது தெரியும். கோப்பின் ஹாஷ் மதிப்பு, தயாரிப்பு நிறுவனம் தந்த மதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இன்றும் பலர் கோப்பை அனுப்பப் பயன்படுத்தும் டி.எஃப்.டி.பி.க்குக் கடவுச்சொல்லே கிடையாது, பாதுகாப்பான எஸ்.சி.பி. முறை இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது.

மறுதொடக்கத்தின்போது எல்லா போர்ட்டுகளும் சிறிது நேரம் செயலிழக்கும். சுவிட்சிலிருந்தே மின்சாரம் பெறும் கேமராக்களும் ஐ.பி. தொலைபேசிகளும் அணைந்துபோகலாம். ஆகவே அலுவலக நேரம் முடிந்தபின், யு.பி.எஸ். பேட்டரி தாங்குமா என்று பார்த்துவிட்டுச் செய்வது வழக்கம். பழைய, புதிய பதிப்புகள் இரண்டையும் வைத்துக்கொள்ள இடமுள்ள சுவிட்சில், சிக்கல் வந்தால் பழையதிலிருந்தே மீண்டும் எழுப்பலாம். வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டிய வசதி இது.

அந்த வசதி இல்லாத சுவிட்ச் எழும்பாமல் நின்றுவிட்டால், கடைசி வழி கன்சோல் கேபிள். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் எக்ஸ்மோடம் முறையில் 20 எம்.பி. கோப்பு உள்ளே போய்ச் சேரச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். கன்சோல் வேகத்தை 1,15,200ஆக உயர்த்த முடிந்தால் அரை மணி நேரத்தில் முடியும். இரவு முழுக்க லேப்டாப் முன் காத்திருந்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

சுவிட்ச் எழுந்ததும் பதிப்பு எண், வி-லேன்கள், அப்லிங்க் ஆகியவற்றைச் சரிபார்த்து, செய்த தேதியைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திய மாடலுக்குப் புதிய ஃபர்ம்வேர் வராது. அதை மாற்றுவதே வழி.