மின்கம்பிகளும் சிறார் இரத்தப் புற்றுநோயும்

மின்கம்பிகளுக்கு அருகில் வாழும் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுமா என்ற கேள்வி, 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஓர் ஆய்வினால் பரவலாக எழுந்தது. இன்றுவரை இதற்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. ஆயினும், ஆபத்து இருந்தாலும் அது எவ்வளவு சிறியது என்பது தெளிவாகியுள்ளது.

டென்வர் ஆய்வு

நோய்ப்பரவலியல் ஆய்வாளர் நான்சி வெர்தைமர், புற்றுநோயால் இறந்த சிறாரின் வீடுகளைத் தேடிச் சென்று பார்த்தார். அவற்றில் பல, மின்மாற்றிகளுக்கு அருகில் இருந்ததைக் கவனித்தார். இயற்பியலாளர் எட் லீப்பருடன் இணைந்து, 1950 முதல் 1973 வரை இறந்த 344 சிறாரின் வீடுகளை மற்றச் சிறாரின் வீடுகளுடன் ஒப்பிட்டார். அதிக மின்னோட்டம் செல்லும் கம்பிகளுக்கு அருகில் வாழ்ந்தோரிடம் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்ததாக இருவரும் எழுதினர். ஆனால் அவர்கள் காந்தப் புலத்தை அளக்கவில்லை. கம்பியின் பருமனையும் தொலைவையும் கொண்டு மதிப்பிட்டனர். எது நோயுற்ற குழந்தையின் வீடு என்பதை அறிந்தே மதிப்பிட்டனர் என்ற குறையும் கூறப்பட்டது.

பின்வந்த ஆய்வுகள்

1988இல் டேவிட் சாவிட்ஸ் அதே நகரில் மீண்டும் ஆராய்ந்தபோது, தொடர்பு முன்னதைவிட வலுக்குறைந்து காணப்பட்டது. 1997இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வீடுகளில் கருவி வைத்து அளந்தனர். அச்சத்தை உறுதிசெய்யும் சான்று அதில் மிகக் குறைவாகவே கிடைத்தது.

2000இல் ஆண்டர்ஸ் ஆல்போம் குழுவினர் ஒன்பது ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தனர். அதன்படி, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் குறைவான புலத்தில் வாழ்ந்த 99.2 விழுக்காட்டுச் சிறாருக்கு ஆபத்து கூடவில்லை. எஞ்சிய 0.8 விழுக்காட்டினரிடம் இரத்தப் புற்றுநோய் இரு மடங்காக இருந்தது. இதற்குக் காந்தப் புலம்தான் காரணமா, ஆய்வில் பங்கேற்றோரைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த பிழை காரணமா என்பது முடிவாகவில்லை. 50 அல்லது 60 ஏர்ட்சு அதிர்வெண் கொண்ட புலத்திற்கு மரபணுவின் வேதிப்பிணைப்பை உடைக்கும் ஆற்றல் இல்லை.

வகைப்பாடும் பொருளும்

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இல் இக்காந்தப் புலங்களை 2பி பிரிவில் சேர்த்தது. "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்; சான்று போதாது" என்பதே இதன் பொருள். கற்றாழையின் முழு இலைச்சாறும் இதே பிரிவில் உள்ளது. புகையிலையோ உறுதியான காரணிகளுக்குரிய முதல் பிரிவில் உள்ளது.

மின்கம்பியைக் கண்டு வீட்டை மாற்ற நினைக்கும் பெற்றோர், "கூடும்" என்பதற்கும் "உண்டாக்கும்" என்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை முதலில் அறிவது நன்று.