புரூனெல்லோ: ஒரு குடும்ப வழக்கம் சட்டமான வரலாறு

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியேனா நகருக்குத் தெற்கே, குன்றின்மேல் அமைந்த சிற்றூர் மொந்தால்சீனோ. அங்கு உருவாகும் ‘புரூனெல்லோ தி மொந்தால்சீனோ’ என்ற சிவப்பு ஒயின் இன்று உலகின் விலை உயர்ந்த ஒயின்களுள் ஒன்று. அதன் மதிப்பைப் பார்ப்பவர்கள் அதைப் பல நூற்றாண்டுப் பழமை உடையது என்றே எண்ணுவார்கள். உண்மையில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தது மொஸ்காதெல்லோ என்னும் இனிப்பு வெள்ளை ஒயின். புரூனெல்லோ தனி ஒயினாக உருப்பெற்றதில் பெரும்பங்கு ஒரே குடும்பத்துக்கு உரியது. ‘இல் கிரெப்போ’ என்ற பண்ணையின் உரிமையாளர்களான பியோந்தி சாந்தி குடும்பமே அது.

இந்த வரலாற்றின் முதல் பெயர் கிளெமெந்தே சாந்தி. மருந்தாளுநராகப் பயின்ற அவர், திராட்சை பயிரிடுதலையும் நொதித்தலையும் அறிவியல் நோக்கில் அணுகினார். 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றது அவருடைய மொஸ்காதெல்லோதான். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1869இல், மொந்தேபுல்சானோ வேளாண் கண்காட்சியில் அவருடைய 1865ஆம் ஆண்டு அறுவடையின் சிவப்பு ஒயின் பரிசு பெற்றது. ‘புரூனெல்லோ’ என்ற பெயர் அந்தப் பரிசுப் பதிவில் இடம்பெற்றது. உள்ளூரார் புரூனெல்லோவைத் தனித் திராட்சை வகையாக நம்பியிருந்தனர். அது சாஞ்சொவேசே வகையே என்று சியேனா மாகாணக் குழு 1879இல் முடிவு செய்தது.

கிளெமெந்தேயின் மகள் காத்தரீனாவை மணந்தவர் பியோந்தி குடும்பத்து மருத்துவர் யாகோபோ. அவர்களுடைய மகன் ஃபெருச்சோ, இரு குடும்பப் பெயர்களையும் இணைத்துத் தன் பெயராக்கிக்கொண்டவர். 1866இல் இத்தாலிய ஒருங்கிணைப்புப் போராளி கரிபால்டியின் படையில் சேர்ந்து பெத்சேக்காவில் போரிட்ட அவர், பின்னர் தாத்தாவின் நிலத்துக்குத் திரும்பினார். அக்காலத்தில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைச் சாம்பல் நோயும், அமெரிக்காவிலிருந்து வந்து வேரைத் தாக்கும் பைலாக்சரா பூச்சியும் அழித்துக்கொண்டிருந்தன. மறுநடவு தவிர்க்க முடியாததாயிற்று. எந்தக் கொடியிலிருந்து கிளை எடுத்து ஒட்டுவது என்ற கேள்வியும் அதனோடு எழுந்தது. ஃபெருச்சோ தன் தோட்டத்துச் சாஞ்சொவேசே கொடிகளில் சிறந்தவற்றைத் தேர்ந்து அவற்றையே பெருக்கினார்.

அவர் செய்த இரண்டாவது தேர்வு இன்னும் துணிச்சலானது. அன்றைய டஸ்கனியில் சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையும் கலப்பார்கள்; நொதித்து முடிந்த ஒயினில் உலர்த்திய திராட்சையைச் சேர்த்து மீண்டும் நொதிக்கவிடுவார்கள். இதனால் துவர்ப்புக் குறைந்து, ஒயின் சில மாதங்களிலேயே குடிக்க ஏற்றதாகும், விரைவில் பணமுமாகும். ஃபெருச்சோ இரண்டையும் விலக்கினார். ஒரே வகைத் திராட்சை, நீண்ட நொதிப்பு, பெரிய ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கான ஓய்வு என்பதே அவர் முறை. சாஞ்சொவேசேயில் புளிப்பும் துவர்ப்பும் மிகுதி. இளமையில் வாயைக் கூச வைக்கும் இவ்விரண்டும்தான் ஒயினைப் பல பத்தாண்டுகள் கெடாமல் காப்பவை. பீப்பாய் மரத்தின் வழியே மெல்ல ஊடுருவும் காற்று அந்தக் கடுமையைத் தணிக்கிறது. 1888 அறுவடையிலிருந்து வந்த ‘ரிசர்வா’ இம்முறையின் முதல் பெருஞ்சான்று. மிகச் சிறந்த ஆண்டுகளில் மட்டுமே ரிசர்வா வெளியிடப்பட்டது. 1945 வரை 1888, 1891, 1925, 1945 என நான்கு ஆண்டுகளுக்கே அத்தகுதி கிடைத்தது.

ஃபெருச்சோவின் மகன் தங்க்ரேதி, இந்த ஒயினின் ஆயுளை மெய்ப்பிக்கும் பொறுப்பை ஏற்றவர். புட்டியில் பல பத்தாண்டுகள் கிடக்கும் ஒயினுக்கு எதிரி அதன் தக்கையே. காலப்போக்கில் தக்கை தளர்கிறது, ஒயின் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைகிறது, கழுத்தில் உண்டாகும் வெற்றிடத்தில் காற்று நிறைந்து ஒயினைக் கெடுக்கிறது. 1927இல் தங்க்ரேதி 1888, 1891 ஆண்டுகளின் புட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றையும் சுவைத்துப் பார்த்து, நலமாக உள்ளவற்றை மட்டும் கழுத்து வரை நிரப்பிப் புதுத் தக்கை இட்டார். நிரப்புவதற்கும் அதே ஆண்டின் ஒயினே பயன்பட்டது. அதாவது, சில புட்டிகளைக் காக்க அதே ஆண்டின் இன்னொரு புட்டி செலவாக வேண்டும். வேறு ஆண்டின் ஒயின் சேர்ந்தால் அந்தப் புட்டி தன் அறுவடைக்குச் சான்றாக நிற்கும் தகுதியை இழந்துவிடும் என்பதால் இந்தக் கண்டிப்பு முற்றிலும் நியாயமானது. ஆவணக் காப்பகத்துக்கு இணையான கவனம் இது. இரண்டாம் உலகப் போரில் போர்முனை நெருங்கியபோது, பழைய ரிசர்வாக்களை நிலவறையில் சுவர் எழுப்பி மறைத்தவரும் அவரே.

புரூனெல்லோ இக்குடும்பத்தின் ஆக்கம் என்பதை 1932இல் இத்தாலிய அரசின் வேளாண் ஆய்வுக்குழு பதிவு செய்தது. ஆனாலும் நெடுங்காலம் அதைத் தயாரித்தவர்கள் சிலரே. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் விளைச்சலில் பாதி வாரத்துக்கு உழும் முறை முடிவுக்கு வர, குடியானவர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். மொந்தால்சீனோ வறிய ஊராயிற்று. 1955 அறுவடையின் ரிசர்வா இந்நிலையில்தான் பிறந்தது. 1969இல் லண்டன் இத்தாலியத் தூதரகத்தில், குடியரசுத் தலைவர் சரகாத் அளித்த விருந்தில் இரண்டாம் எலிசபெத் அரசியாருக்கு அது பரிமாறப்பட்டது. 1999இல் ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ இதழ் 20ஆம் நூற்றாண்டின் 12 சிறந்த ஒயின்களைத் தெரிவு செய்தபோது அதில் இடம்பெற்ற ஒரே இத்தாலிய ஒயின் இதுவே.

1966இல் புரூனெல்லோவுக்கு இத்தாலிய அரசின் புவிசார் ஒயின் தகுதி கிடைத்தது. 1980இல் அதன் உயர்நிலைத் தகுதியும் வந்தது. நூறு விழுக்காடு சாஞ்சொவேசே என்ற குடும்ப வழக்கம் அனைவருக்கும் பொதுவான விதியாயிற்று. காத்திருப்பில் மட்டும் சட்டம் படிப்படியாக இளகியது. தொடக்கத்தில் நான்கு ஆண்டுகளாக இருந்த கட்டாயப் பீப்பாய்க் காலம், இப்போது இரண்டு ஆண்டுகள். 1970இல் பொறுப்பேற்ற ஃப்ராங்கோ பியோந்தி சாந்தி இந்தத் தளர்வைப் பின்பற்றவில்லை. சிறிய பிரெஞ்சுப் பீப்பாய்களும் அடர்நிற ஒயினும் சந்தையை ஆண்டபோதும் அவர் பழைய பெரும் பீப்பாய்களையே நம்பினார். ஃப்ளோரன்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு தோட்டத்துக் கொடிகளை ஆராய்ந்து தேர்ந்த ‘பிபிஎஸ் 11’ என்ற சாஞ்சொவேசே கொடிவகை அவர் காலத்தில் பதிவாயிற்று. 25 வயதைக் கடந்த கொடிகளின் பழம் மட்டுமே ரிசர்வாவுக்குச் செல்லும் என்ற ஏற்பாடும் தொடர்ந்தது.

2008இல் சில தயாரிப்பாளர்கள் பிற வகைகளைக் கலந்ததாக எழுந்த ஐயத்தின் பேரில் அரசு விசாரணை நடந்தது. பல நிறுவனங்களின் இருப்பு முடக்கப்பட்டது. புரூனெல்லோவின் விதி மாறவில்லை. அதன் இளைய வடிவமான ரோஸ்ஸோ தி மொந்தால்சீனோவில் கலப்பை அனுமதிக்கலாமா என்ற முன்மொழிவையும் 2011இல் தயாரிப்பாளர்கள் பெரும்பான்மை வாக்கால் நிராகரித்தனர். ஃப்ராங்கோ 2013இல் காலமானார். 2016இன் இறுதியில் பண்ணையின் பெரும்பான்மைப் பங்கு பிரான்சின் இபிஐ குழுமத்தின் கைக்கு மாறியது.